நீர்மட்ட அறிக்கைக்கு ஏழு நிமிடம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எமோக்கே விக்கினாள்.
இந்தப் பக்கம் என் முள் குதித்தது.
மறுபடி விக்கினாள்.
முள் சிவப்பைத் தொட்டுத் திரும்பியது,
அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தில் பட்ட விரல் போல.

இன்னும் ஏழு நிமிடத்தில்
டான்யூபின் உயரத்தை நாட்டுக்குச் சொல்லவேண்டும் அவள்.
கொமாரோமில், எஸ்டர்கோமில்,
பக்ஸில், பயாவில், மொஹாச்சில்
எத்தனை சென்டிமீட்டர் என்று.
இருபத்தோரு வருடமாக
ஒரு சென்டிமீட்டர்கூட நடுங்காத குரல்.

தண்ணீர் குடித்தாயிற்று.
சர்க்கரை விழுங்கியாயிற்று.
வாசல் காவலர் ஷமு பூனைநடை நடந்து வந்து
முதுகுக்குப் பின்னால் 'பே' என்றார்.
பயப்படவில்லை, திட்டினாள்.
திட்டுக்கு நடுவிலும் ஒரு விக்கல்.

பொத்தானை அழுத்தி நான் சொன்னேன்:
உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் விடு.
இப்போது நெஞ்சு நிறைய இழு. நிறுத்து.
பத்து எண்ணுகிறேன்.
விடாதே, அதன்மேலேயே இன்னும் கொஞ்சம் இழு.
இடமில்லை என்றாள் கண்ணால்.
இருக்கும்.
ஆறாம் எண் டிராமில் கடைசியாக ஒருவர்
எப்போதும் ஏறிவிடுவதில்லையா?
ஐந்து எண்ணுகிறேன்.
இன்னும் ஒரே ஒரு மிடறு.

விக்கினால் எங்கோ யாரோ
பேரெடுக்கிறார்கள் என்பார்கள் எங்கள் பக்கம்.
ஆளைச் சரியாகச் சொன்னால் நின்றுவிடுமாம்.
வாய் திறக்க முடியாததால்
தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்:
தங்கை. அடித்தாள்.
வரி அலுவலகம். அடித்தாள்.
மூன்றாவது பெயர் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.
இரண்டு எழுத்தோடு பென்சில் நின்றது.
முடிக்கவில்லை. அடிக்கவும் இல்லை.

என் பெயர் அந்தத் தாளில் இல்லை.
நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்,
ஒன்றிலிருந்து பத்துவரை.

தோள்கள் காதுவரை ஏறி நின்று
பிறகு இறங்கின.
சைக்கிள் டியூபில் ஊசி குத்தியதுபோல்
மெல்ல, மெல்ல விட்டாள்.
முள் படுத்துக் கிடந்தது.

சிவப்பு விளக்கு.
கொமாரோம், இருநூற்று நாற்பத்தொன்று, நான்கு குறைவு.
எஸ்டர்கோம்.
ஒவ்வொரு ஊருக்கும் ஒரே மூச்சு,
ஊருக்கும் ஊருக்கும் நடுவே மூக்கால் ஒரு திருட்டு மூச்சு.
தலைநகரைத் தாண்டினாள். பக்ஸைத் தாண்டினாள்.
பயா, முன்னூற்று
முள் துள்ளி
பன்னிரண்டு. மாற்றமில்லை.
மொஹாச்.

அறிக்கைத் தாள்கள் குப்பைக்கூடைக்குப் போவது வழக்கம்.
இன்றையதை நான்காய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

மூன்று மணிக்குத் தொலைபேசி.
பயாவுக்குக் கீழே படகுத்துறை வைத்திருக்கும்
லொரிண்ட்ஸ் என்று ஒருவர், மரியாதையான ஆள்.
"மாற்றமில்லை என்றுதான் சொன்னீர்கள், அம்மா.
ஆனால் சொல்லும்போது
தண்ணீர் ஒருமுறை எம்பியதுபோல் கேட்டது.
படகுக்கு இன்னொரு கயிறு போடட்டுமா?"

எமோக்கே கையால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
கையை எடுத்து,
"போடுங்கள்" என்றாள், "எதற்கும்."