தலை நிமிரும் நேரம்

என் வேலை இவ்வளவுதான்:
ஓர் இம்பாலாவைத் தேர்ந்தெடுத்து
அது தலை தூக்கும்போது பொத்தானை அழுத்துவது,
தாழ்த்தும்போது மறுபடி அழுத்துவது.
இரண்டு நிமிடம். பிறகு அடுத்த மான்.
ஷிரே ஆற்றின் மேற்குக் கரையில்
மொப்பானி மரத்தடியில் நிறுத்திய வண்டிக்குள்
மூன்று கோடை இப்படிப் போனது.

சிங்கங்கள் வருமுன்
நூற்றிருபது நொடியில் ஒன்பது.
அந்த ஒன்பதும் ஈ விரட்டத்தான்.

கம்பிக் கண்ணியில் கடைசிச் சிங்கம் செத்தபோது
நான் பிறந்திருக்கவில்லை.
அதற்குப் பிறகு பிறந்த மான்களெல்லாம்
பின்னால் திரும்பிப் பாராமல் தின்று,
கொழுத்து, கிழடாகிச் செத்தன.
அவற்றின் வாய் எட்டும் உயரம் வரை
எந்த மரத்திலும் இலை இல்லை.
காடே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
முழங்கால் தெரிய நின்றது.

விமானத்தில் வந்தவை ஐந்து.
ஏழு வாரம் அடைப்புக்குள்
ஆற்றுக்காற்றை மோந்து கிடந்தன.
ஜூன் மாத விடியலில் கதவைத் திறந்தார்கள்.

மூன்றாம் நாள் ஒரு நீர்மான், கிடா,
புல்லில் படுத்திருந்த பெண்சிங்கத்தை நோக்கி
நடந்தே போனது,
புதிதாகக் குடிவந்தவரிடம் ஊர் கேட்கப் போவதுபோல.
மூக்கை நீட்டியது.
ஓட்டுநர் லைசன், சத்தம் போடக் கூடாதென்ற விதியை மறந்து,
"ஓடுடா" என்றார், தொண்டைக்குள்.
என் ஏட்டில் அன்று:
தலை நிமிர்ந்த நேரம், நாற்பத்தொரு நொடி.
அதன் கீழே ஒரு கோடு.

பிறகு எண்கள் ஏறின.
பதினாறு. இருபத்தெட்டு. மழைக்குப் பின் முப்பத்தேழு.
பிளான்டையரிலிருந்து வந்த டாக்டர் ம்வாலே
வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார்:
"நினைவு வந்துவிட்டது பார்."
அது நினைவா, எனக்குத் தெரியாது.
மறந்தவை செத்தன; அது மட்டும் பார்த்தேன்.

தலை நிமிர்ந்து வாழ்
என்று எங்கள் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும்.
இங்கே நிமிரும் ஒவ்வொரு தலைக்கும்
ஒரு வாய்ப் புல் குறைகிறது.
விலா எலும்பு எண்ணும்படி ஆனது.
அந்த ஆண்டு குட்டிகளும் குறைவு,
சிங்கம் தொடாத மந்தைகளில்கூட.
பச்சைப் புல்லிருக்கும் ஆற்றுப் பள்ளத்தை விட்டுவிட்டுக்
கருகிய மேட்டில், நாலு திசையும் தெரியும் இடத்தில்
உறங்கப் பழகின.

பள்ளத்தில் யாரும் கடிக்காத அத்திக் கன்றுகள்
என் கணுக்கால் வரை வந்து, இப்போது இடுப்பு வரை.
பெயர் தெரியாத ஒரு குருவி அங்கே கூடு கட்டியிருக்கிறது.
அதற்கு ஏட்டில் கட்டம் இல்லை.

ஆகஸ்டில் மூன்று நாள் மட்டும்
மின்வேலியின் வாசலைத் திறந்து
கூரைப்புல் அறுக்க ஊர்ப் பெண்களை விடுவார்கள்,
துப்பாக்கிக் காவலர் ஒருவர் துணைக்கு.
என் அண்ணி ஃபாலெசியும் வந்திருந்தாள்.
"போன வருஷம்வரை பொழுது சாய ஒன்பது கட்டு,
இப்போது ஆறு," என்றாள் வண்டிக் கண்ணாடியருகே.
"அரிவாள் அதேதான். கையும் அதேதான்."
பிறகு என் மடியிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து,
"எங்களையும் எண்ணுகிறாயா?"
இல்லை என்றேன்.

அவள் போய்க் குனிந்தாள்.
ஒரு பிடி அறுத்தாள்.
காவலர் தூரத்தில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.
புல் அசைந்தது, காற்றில்தான்.
அவள் நிமிர்ந்தாள்.
என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் அழுத்தியது.

நொடிகள் ஓடின.
மேட்டில் மான்களும் அதே பக்கம் பார்த்து நின்றன.
நானும் பார்த்தேன்.
அவள் எப்போது மறுபடி குனிந்தாள் என்று
கவனிக்கவில்லை.