இருபத்தொன்று

கோப்பின் பதினாலாவது வரியில் ஓர் எண்.
இருபத்தொன்று.
அதை இருபத்தாறு ஆக்கிவிட்டால்
கோயில்பிச்சை ராத்திரி தூங்குவான்.

'பழைய போனுக்குன்னே நானூறு வரி கெடக்கு வே.
ஒரு இடத்தைத் தொட்டா ஒம்பது இடம் ஒழுகுது.
பூட்டும் பழசு. சாவி எவன்கிட்டயும் இருக்கும்.
அம்புட்டுப் பேரு கூலியும் அதுக்குள்ளதான?'
அவன் சொல்வதில் பிழையில்லை.

சமாதானபுரத்தில், டயர்கடை மாடி.
கீழே ரப்பர் வேகிற வாசம்.
எண்ணிப் பார்த்தேன்:
நாலாயிரத்து இருநூறு போன்களில்
எட்டாம் பதிப்புக்குக் கீழே முப்பத்தொன்று.
நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.
பெயர் கிடையாது. மாடல் எண்,
கடைசியாகத் திறந்த நேரம், அவ்வளவுதான்.

முக்கூடலில் ஒன்று
சனிக்கிழமைதோறும் நாலரைக்குத் திறக்கிறது,
ஆறு மணிவரை மூடுவதில்லை.
பீடிக் கணக்கைப் பார்க்க
ஒன்றரை மணி நேரமா?
செயலி தொங்கிவிடுகிறது போல என்று
பஸ் ஏறினேன்.

செண்பகக்கனியின் போன்.
உடைந்த மூலையில் செலோடேப்.
இலையும் தூளும் வாங்கிய கணக்கு,
கட்டு கொடுத்த கணக்கு, கழித்துப் போட்ட கணக்கு,
பதினேழு பேர் வரிசையாக
அட்டை எண்ணைச் சொல்லிச் சொல்லி
அந்த ஒரே போனில் பார்க்கிறார்கள்.
'எத்தனை கழிச்சாருன்னு ஏஜெண்டு வாயால சொல்லமாட்டாரு.
இதுல வந்துருதுல்லா.'
ஒரு டம்ளர் கலர் நீட்டினார்.
எண்ணை மாற்றுகிறவன் நான்தான் என்று
சொல்லாமலே குடித்தேன்.

திரும்புகிற பஸ்ஸில்
முப்பத்தொன்றைப் பதினேழால் பெருக்கினேன்.
தப்புக் கணக்கு.
அதில் ஒன்று எங்கள் மேசை டிராயரில் கிடக்கும்
சோதனைப் போன்.
இன்னொன்று பிள்ளை விளையாடக் கொடுத்ததாக இருக்கும்.
இல்லை, எல்லாமே முக்கூடல் மாதிரிதானோ என்னவோ.
போன்களை எண்ணத் தெரியும் எனக்கு.
நீளும் கைகளை எண்ண
ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

ஆனாலும் பூட்டு பழசுதான்.
அவர் கூலியும் அந்தப் பூட்டுக்குள்தான்.
எவனாவது உடைத்தால்
புதுப் போன்காரரும் பழைய போன்காரரும்
ஒரே தெருவில் நிற்பார்கள்.

'தீபாவளிக்கு முந்தி போனஸ் கணக்கு முடிஞ்சிரும்.
அதுவரைக்கும் இருபத்தொன்னு.
அப்புறம் ஏத்துவோம்.
ஏத்துறதுக்குள்ள முக்கூடலுக்கு
ஒரு போன் வாங்கிக் கொடுத்திரணும்.'
'மிச்ச முப்பதுக்கு?' என்றான் கோயில்பிச்சை.
கீழே எந்த டயருக்கோ காற்றடிக்கிற சத்தம்
ரொம்ப நேரம் கேட்டது.

அவன் போனபிறகு
வரிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதினேன்:
ஐப்பசியில் மாற்றவும்.
அழித்துவிட்டு
செண்பகக்கனி என்று மட்டும் எழுதினேன்.
குறிப்புகளை இயந்திரம் படிப்பதில்லை.

காலையில் வந்ததும் கேட்டான்:
'யாரு வே இது,
பதினாலாவது வரியில குடியிருக்கது?'