நூற்றைம்பது முதல் இருநூறு சொற்களுக்குள்

மூஸ் ஜாவில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
கடையின் பேஸ்மென்டில் என் அறை,
தந்தூர் அடுப்புக்கு நேர் கீழே.
கடை அடைத்த பிறகும் ஒரு மணி நேரம்
கூரை கொஞ்சம் வெதுவெதுப்பாய் இருக்கும்.
அதற்குள் ஒரு கடிதம் எழுதியாக வேண்டும்.

பயிற்சிப் புத்தகம் சொல்கிறது:
'நீங்கள் ஓர் உணவகத்தில் சாப்பிட்டீர்கள்.
உணவு ஆறிப்போயிருந்தது.
மேலாளருக்கு ஈமெயில் எழுதுங்கள்.
நேரம் இருபத்தேழு நிமிடம்.'

எழுதினேன்.
என் கோழிக் குழம்பை நானே குறை சொன்னேன்.
காரம் தூக்கல் என்றேன், கறி வேகவில்லை என்றேன்,
சமையல்காரரை விசாரிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.
சமையல்காரர் கட்டிலில் கால் நீட்டி
எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நூலகத்தில்
மாரிவிக் சிவப்புப் பேனாவோடு உட்காருவாள்.
மணிலாக்காரி, ஹோட்டல் சலவை அறையில் வேலை,
போன வருடம் ஒன்பது வாங்கியவள்.
பத்தொன்பது இடத்தில் 'தி' இல்லை என்றாள்.
ஏழு இடத்தில் தேவையில்லாமல் 'தி'.

இருபது கிலோ அரிசிக்கு எவ்வளவு உப்பு
என்று என் கைக்குத் தெரியும்.
இந்த ஒற்றை எழுத்துக்கு எந்த விரல் கணக்கு?
'முதல் தடவை சொன்னால் எ.
உனக்கும் எனக்கும் தெரிந்த பிறகு தி.'
அப்படியென்றால் இந்த ஊரில்
ஒன்றரை வருடமாக நான் இன்னும்
'எ குக்'தான்.

இன்னொன்றும் சொன்னாள்:
வேண்டியதை முதல் வரியிலேயே கேள்.
கைமாற்று வாங்கப் போன வீட்டில்
அவர்கள் மகளின் டைபாய்டில் தொடங்கி
மழையில் இறங்கி
வாசலில் செருப்பு மாட்டும்போது பணத்துக்கு வருகிற
பரம்பரை என்னுடையது.

நேற்று ராத்திரி கேள்வியையும் நானே போட்டேன்.
'நீங்கள் ஓர் உணவகத்தில் வேலை பார்க்கிறீர்கள்.
பதினொரு ஞாயிறுக்குச் சம்பளம் வரவில்லை.
முதலாளிக்கு ஈமெயில் எழுதுங்கள்.'

தமிழில் இதைச் சொல்ல
மூன்று தடவை போயிருக்கிறேன்.
'தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி' வரைக்கும் வரும்.
'சாப்ட்டியாடே?' என்பார்.
சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வருவேன்.
விமான டிக்கெட் அவர் எடுத்தது.
நான் போட்டிருக்கும் கோட்டு அவர் மகனுடையது,
பையில் அவன் பழைய பஸ் சீட்டு இன்னும் கிடக்கிறது.

'டியர் மிஸ்டர் ராஜபாண்டி' என்று தட்டியதும்
அண்ணாச்சி எழுந்து
மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.
அடுத்து 'யூ' வந்தது.
நீ என்று குத்தாமல், நீங்கள் என்று குனியாமல்
முதுகு நிமிர்ந்து நின்றது அந்தச் சின்னச் சொல்.
எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஞாயிறுக்கு ஆறு மணி நேரம், ஆக அறுபத்தாறு.
முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.
'தி சண்டேஸ்' என்றுதான் போட்டேன்.
யோசிக்கவே இல்லை.
எனக்குத் தெரிந்தவை, அவருக்கும் தெரிந்தவை.

கீழே எண்ணிக்கை இருநூற்று மூன்று.
மூன்று சொல் அதிகம்.
'சார்' போனது.
'சாரி' போனது.
'ப்ளீஸ்' மேல் கர்சர் வெகுநேரம் கண் சிமிட்டியது.
அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று
'வெரி கிரேட்ஃபுல்' என்பதில்
'வெரி'யை எடுத்தேன்.

அனுப்பவில்லை. கூரை ஆறிப்போயிருந்தது.
தாளில் படியெடுத்து மாரிவிக்கிடம் நீட்டினேன்.
பேனா மூடியைத் திறந்தவள்
படித்து முடித்தும் ஒன்றும் சுழிக்கவில்லை.
'எந்தப் பக்கத்துக் கேள்வி இது?' என்றாள்.

சொல்லவில்லை.
எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டாள்.
இரண்டு மணி நேரம் என்றேன்.
சனிக்கிழமை ரெஜைனாவில்
இருபத்தேழு நிமிடம்தான் தருவார்கள் என்று சொல்லி
தாளை இரண்டாய் மடித்து
என் கோட்டுப் பைக்குள்
அவளே வைத்தாள்.