ராசா ஒரு கட்டம் ஒதுங்கியது

எங்கள் கழகத்தில் ஒரு பேச்சு உண்டு.
கண்முன் கிடக்கும் மேட்டை எவராவது தவறவிட்டால்
"குணரத்தினம் போட்டான்" என்போம்.
நானும் சொல்லியிருக்கிறேன். சிரித்தும் இருக்கிறேன்.

வெள்ளை: ச. குணரத்தினம், சுங்கத் திணைக்களம்.
கறுப்பு: துவான் ஸாபிர் கிச்சில், கொம்பனித்தெரு.
கெய்சர் வீதி, இரும்புக் கடைக்கு மேல்மாடி.
ஏப்ரல், எழுபத்தொன்று.
ஐம்பத்தேழு நகர்வும் எனக்கு மனப்பாடம்.

பழைய மலரில் முப்பத்துமூன்றுக்குப் பக்கத்தில்
இரண்டு கேள்விக்குறி போட்டிருக்கும்.
போடாமல்?
கோட்டை எச் எட்டில் போய் விழுந்தால் செக்,
ராசா அதை வெட்டத்தான் வேண்டும்.
ராணி எச் ஐந்து, திரும்பவும் செக்.
ராசா ஜி எட்டுக்கு ஓடினால் ராணி எச் ஏழு:
ஜி ஐந்துக் குதிரை அவளுக்குக் காவல்,
எஃப் எட்டில் சொந்தக் கோட்டையே வழிமறிக்கும்.
முடிந்தது.
குணரத்தினமோ தன் ராசாவை
சி ஒன்றிலிருந்து பி ஒன்றுக்கு நகர்த்தினார்.
பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவதுபோல.

நூற்றாண்டு மலருக்குக் குறிப்பு எழுதக் கேட்டு
கழகம் தந்த கோப்பில்
இருவரின் மூலத் தாள்களும் இருந்தன.
வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
பலகையை விரித்துவைத்து உட்கார்ந்தேன்.
கீழே கடலோர ரயில் போகும்போதெல்லாம்
காய்கள் கொஞ்சம் நடுங்கும்,
சிப்பாய்கள்தான் முதலில்.

குணரத்தினம் மையால் எழுதுகிறவர்.
முப்பத்துமூன்றாம் வரியில்
கோட்டை, எச் எட்டு
என்று தெளிவாக எழுதி
ஒரே கோட்டால் வெட்டியிருக்கிறார்.
பக்கத்தில் நேரம்: இரவு எட்டு ஐம்பது.

மனுசன் கண்டிருக்கிறார்.

அதன் பிறகு வருகிற இருபது நகர்வை
மலர் "சோர்வான இடைப்பகுதி" என்று தாண்டிவிடும்.
கிச்சில் ஜி சிப்பாயை ஒரு அடி தள்ளி ஓட்டையை அடைக்கிறார்.
பிறகு வெள்ளைக் குதிரை எஃப் மூன்றுக்குப் போகிறது, வருகிறது.
கறுப்புக் கோட்டை ஈ எட்டுக்குப் போகிறது, வருகிறது.
அதே நிலை மூன்று தரம்.
சமன் என்று ஒரு வார்த்தை போதும். இருவரும் கேட்கவில்லை.
ஒன்பது இருபது. பத்து ஐந்து. பதினொன்றே முக்கால்.
ஒன்று பத்துக்கு எதிரே, ஓரத்தில், சின்ன எழுத்தில்:
"ஜீப்".
மூன்று மணிக்கு: "தேத்தண்ணி, சீனி இல்லை".

ஊரடங்கு விடிய ஆறு வரைக்கும்.
எட்டு ஐம்பத்தைந்துக்கு ஆட்டம் முடிந்திருந்தால்
அந்த மாடியில் இரண்டு பேர், இரண்டு கதிரை,
கீழே தெரு.
வேறொன்றும் இல்லை.

கணினியிடம் கொடுத்துப் பார்த்தேன்.
அது குதிரையின் ஒவ்வொரு பயணத்தையும் சிவப்பாக்கியது.
அதற்கு ஆறு மணி என்றால் என்ன தெரியும்.

கிச்சிலின் தாள் பென்சில்.
முப்பத்திரண்டுக்குக் கீழே ஓர் இடத்தில்
அழிறப்பர் தேய்த்துத் தேய்த்து
தாள் வெங்காயத் தோலாகிவிட்டது.
விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்.
தோல்வி என்று எழுதி அழித்தாரா,
வெறும் கைப்பிழையா,
ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

ஆறு மணிக்குப் பிறகு வேறு ஆட்டம்.
ஐம்பத்தைந்தில் குணரத்தினத்தின் ராணி
பி ஏழுச் சிப்பாயைத் தின்றது.
அது உண்மையான பிழை, தூக்கக் கலக்கம், நான் மழுப்பமாட்டேன்.
கிச்சிலின் மந்திரி ஏ இரண்டில் பாய்ந்து செக்.
ராசா வெட்டினார்.
ராணி ஏ ஐந்து.
ராசா திரும்பி பி ஒன்றுக்கே வந்தார்.
இரவு ஒதுங்கி நின்ற அதே கட்டம்.
ஏ ஒன்றில் ராணி, ஜி ஏழு மந்திரியின் பலத்தில்,
மேட்.
கிச்சில் இரக்கம் காட்டவில்லை.
காட்டியிருந்தால் குணரத்தினம் கோபித்திருப்பார் என்று நினைக்கிறேன்.
ஆறு இருபத்தைந்து. இரண்டு கையெழுத்து.

வெள்ளிக்கிழமைக்குள் குறிப்பு வேண்டும் என்கிறார் செயலாளர்.
முப்பத்துமூன்றுக்குக் கேள்விக்குறி போட்டேன், அழித்தேன்.
ஆச்சரியக்குறி போட்டேன். அது இன்னும் மோசம்.
கடைசியில் நேரத்தை மட்டும் எழுதினேன்:
எட்டு ஐம்பது.
அச்சகத்தார் பிழை என்று நினைத்துத் திருத்தக்கூடும்.
ஒருக்கா போன் எடுத்துச் சொல்லவேண்டும்.