கவாத்து

தியத்தலாவையில் காலை ஐந்தரைக்கு
பனி விலகுமுன்னே பூட்ஸ் இறங்கிவிடும்.
மைதானத்தில் கவாத்து.
தோட்டத்தில் எனக்கும் கவாத்துதான் வேலை,
பதினொரு வருடம், ஏழாம் நம்பர் மலையில்,
வளைந்த கத்தியால் தேயிலையை
முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்ப்பது.
ஒரே சொல்.
பட்டாளத்துக்காரனும் துரையும்
எங்கே வைத்துப் பங்கு போட்டார்களோ.

பெரட்டும் அப்படித்தான்.
அங்கே தப்புச் சத்தம், இங்கே பியூகிள்.
அங்கே பிந்தினால் அரைப்பேர்.
இங்கே பிந்தினவன்
துவக்கைத் தலைக்குமேல் பிடித்தபடி
மைதானத்தைச் சுற்றி ஓடுவான், மேஜருக்கு அலுக்கும்வரை.

என் பெயர் மருதவீரன்.
பதிவேட்டில் சார்ஜன்ட் ஹேரத் அதை வாசித்து
"அப்போ நீயும் வீரன்தான்" என்று சிரித்தார்.
வீரன் செய்வது மண்மேசை.
இருபதடி நீளம், பத்தடி அகலம்.
ஈர மணலைக் குவித்தால் மலை,
பச்சைச் சாயம் தோய்ந்த மரத்தூள் தூவினால் காடு,
நீலக் கம்பளி நூல் ஆறு,
தீப்பெட்டி வீடு.

போன மாசி மாதம் ஒரு வரைபடம் தந்தார்கள்.
"மலைக் கிராமம், பத்து வீடு, ஒரே வரிசை."
பத்து வீடு ஒரே வரிசையில்
இந்த மலைநாட்டில் வேறென்ன?
கை தானாகவே செய்தது.
லயத்துக்குப் பின்னால் பீலி வைத்தேன், ஒரு குண்டூசி.
பிள்ளைக் காம்பரா வைத்தேன்.
மாரியம்மனுக்கு ஒரு சோடா மூடி.

மேஜர் எல்லேபொல குச்சியால் தட்டினார்.
"இது என்ன?"
"தண்ணி, சேர்."
"படத்தில் இல்லை. எடு."
எடுத்தேன். மணலில் ஊசி நின்ற துளை கிடந்தது.

சிவப்புக் கொடி எதிரி, நீலக் கொடி நாங்கள்.
பதினெட்டுப் பேர் மேசையைச் சுற்றி நின்று
என் லயத்தை எப்படி வளைப்பது என்று
ஆளுக்கு நான்கு நிமிடம் சொன்னார்கள்.
நல்ல பிள்ளைகள், மழித்த கன்னம்,
கவாத்து வெட்டிய மலைபோலத் தலை.
மேல்காட்டிலிருந்து ஒருவன், ஆற்றுவழியே ஒருவன்.
மேல்காட்டுக்காரனுக்குக் கூடுதல் புள்ளி.

விதாரண என்றொருவன், மெலிந்தவன்.
தன் முறை வந்ததும் மேஜரைப் பார்க்காமல்
சிங்களத்தில் என்னைக் கேட்டான்:
"ஒரு வீட்டில் எத்தனை பேர்?"
வாளியோடு நின்ற எனக்கு நா எழவில்லை.
பிறகு சொன்னேன்:
"ஏழு, எட்டு. மூன்றாவதில் ஒன்பது,
பிள்ளை பிறந்து பத்து நாள்."
"மாதிரியில் ஆட்கள் கிடையாது," என்றார் மேஜர்.
அவன் நான்கு நிமிடத்தில் மூன்று போய்விட்டது.
மீதி ஒன்றில், கூட்டிப் பார்த்தான் போல,
உதடு மட்டும் அசைந்தது.

மாலையில் பலகையால் மணலைச் சமப்படுத்தினேன்.
நாளைக்குக் கடற்கரை வேண்டுமாம், ஒரு பாலமும்.
மலையை இடித்துக் கடல் செய்ய
அரைமணி நேரம் போதும்.
மரத்தூளைச் சல்லடையில் இட்டு அரித்தேன்,
கொடிகளை நிறம் பிரித்தேன்,
தீப்பெட்டிகளை எண்ணினேன்.
ஒன்பது.
மேசைக்கு அடியில் தேடினேன், வாளியில் தேடினேன்.
ஒன்பதுதான்.

இங்கே ஒரு ஊசி குறைந்தாலும் எழுதவேண்டும்.
பொருட்பதிவில் 'தீப்பெட்டி, ஒன்று குறைவு' என்று எழுதி
காரணம் என்ற கட்டத்தில்
பீடி பற்றவைத்தேன் என்று போட்டேன்.
ஹேரத் என்னை ஒருதரம் ஏறிட்டார்.
நான் பீடி குடிப்பதில்லை
என்பது அவருக்குத் தெரியும்.
கையெழுத்துப் போட்டார்.