எட்டாம் குழிக்கு வந்த விலை

மரப்பெட்டியைக் கவிழ்த்தேன்.
நாற்பத்தோரு பவுண்டு,
ஒரு சட்டைப் பொத்தான்,
அயர்லாந்திலிருந்து வழிதவறி வந்த ஒரு யூரோ,
கிழிந்த ஸ்கோர் அட்டையில்
"அடுத்த வாரம் தருகிறேன். லாக்லன்."
லாக்லன் அதை எழுதியது போன வருஷம்.

காசு வாங்க ஆள் வைத்தால்
வருகிற காசு ஆளுக்கே சரியாகிவிடும்.
அதனால் பெட்டி.
ஸ்காட்லாந்தின் வடமேற்கு விளிம்பில்
கடலுக்கு முதுகு காட்டிக் கிடக்கும்
ஒன்பது குழி மைதானம்.

கூட்டம் இஷ்பெல் வீட்டுச் சமையலறையில்.
கிளப் அறையில் ஹீட்டர் போட்டால்
மணிக்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்.
வாசித்தாள்:
டீசல். காப்பீடு. நில வாடகை. உரம்.
யானையைக் கட்டித் தீனி போடுவார்கள்,
நாங்கள் புல்லுக்கே தீனி போடுகிறோம்.
வெட்டும் இயந்திரத்துக்குப் புது உருளை
எண்ணூற்று அறுபது.
உறுப்பினர் ஐம்பத்திரண்டு,
அதில் மூவர் உயிரோடு இல்லை.
ஒருவருடைய சந்தா மட்டும்
வங்கியிலிருந்து தானாக வந்துகொண்டிருக்கிறது.
"அவர் மனைவியிடம் சொல்லவேண்டாமா?"
என்றார் டூகல்ட்.
"சொன்னேன். நிறுத்தமாட்டேன் என்கிறாள்."

ஜூனில் இயந்திரம் படுத்துக்கொண்டபோது
எட்டாம் குழியைக் கைவிட்டோம்.
ஏழோடு திரும்பி, முதலிரண்டை மறுபடி ஆடினார்கள்.
எட்டில் புல் முழங்கால் தொட்டது,
இடுப்பைத் தொட்டது,
காற்றுக்குச் சாய்ந்து நிமிரப் பழகியது.
ஆகஸ்டில் ஆட்டுப்பண்ணைக்காரர் டார்க்வில்
வேலிக்கு அப்பால் நின்று விலை கேட்டார்.
பத்தொன்பது உருண்டை, ஒன்று இருபத்தைந்து.

"நானூற்று எழுபத்தைந்து,"
இஷ்பெல் பென்சிலை வைத்தாள்.
"ஜூனிலிருந்து பெட்டியில் விழுந்தது
நானூற்று முப்பத்தெட்டு."

கெட்டில் கொதித்து அடங்கும்வரை
யாரும் பேசவில்லை.
"அப்படியானால் ஒன்பதையும்..." என்று
டூகல்ட் ஆரம்பித்தார்.
"பெருக்காதே," என்றாள்.
ஆனால் அவள் உதடும் அசைந்துகொண்டிருந்தது.
எல்லோரும்தான் பெருக்கினோம்.
நல்ல தொகை.
கடன் போக மிச்சம்கூட வரும்.
ஆட மட்டும் இடமிருக்காது.

தீர்மானம் எதுவும் எழுதவில்லை.
தேநீர் குடித்தோம்.

மறுநாள் எட்டாம் குழிக்குப் போனேன்.
அறுத்த தாளுக்கிடையில்
பந்துகள், கோழி இட்டு மறந்ததுபோல.
முப்பத்தொன்று.
வாளியில் கழுவினேன்,
ஒன்றுக்கு ஐம்பது பென்ஸ் கிடைக்கும்.
ஒன்றில் நீலப்புள்ளி, லாக்லனுடையது.
கடனில் கழித்துக்கொள்ளலாம்.
சட்டைப்பையில் போட்டுப் பார்த்தேன்,
எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தேன்.
வந்தால் பார்க்கட்டும்.

உருளைக்கு
இன்னும் எண்ணூற்று அறுபது.