நான்கு விநாடி

ரொட்டி வேனில்தான் கொண்டுபோனோம் வண்டியை.
சனிக்கிழமை இரவு தட்டுகளைக் கழற்றிவிட்டு
விடியுமுன் பலகை சாய்த்து ஏற்றுவோம்.
லிம்பர்க்கின் எந்த மைதானத்தில் இறக்கினாலும்
சைலன்சர் முழுக்க மாவு.
முதல் உதையில் வெள்ளையாய்த் தும்மும்.
இரண்டாவது உதையில்தான் புகை.

மோட்டோகிராஸ் என்ற சொல்
என் அப்பாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை.
மணல் கூத்து என்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.
ஆனால் சனிக்கிழமைகளில் மட்டும்
வேன் சாவியை ஆணியில் மாட்ட மறந்துவிடுவார்.

ஒடீலுக்கு வாரத்தில் ஆறு நாள் நிலக்கரிச் சுரங்கம்.
எண்ணூறு மீட்டர் கீழே.
ஏழாம் நாள் மணல்மேட்டு உச்சியில்
இரண்டு சக்கரமும் தரையை விடும்.
எவ்வளவு உயரம் என்று கேட்காதீர்கள்,
இன்றைய பையன்கள் சிரிப்பார்கள்.
விரட்டினால் ஒரு கோழி பறக்குமே, அவ்வளவு.
ஆனால் அந்த எண்ணூறையும் சேர்த்தல்லவா அளக்க வேண்டும்.

கால்சட்டை அண்ணனுடையது.
கண்ணாடி விமானப்படை ஏலத்தில் எடுத்தது.
நெஞ்சுக்குக் கவசம் பழைய செய்தித்தாள்:
எட்டாய் மடித்துச் சட்டைக்குள் செருகுவான்.
பந்தயம் முடிந்து சட்டையைக் கழற்றினால்
வியர்வையில் அச்சேறி
தலைகீழ் எழுத்தில் உருளைக்கிழங்கு விலை,
யாரோ ஒரு விதவையின் நன்றி அறிவிப்பு.
நான் சத்தமாக வாசிப்பேன். அவன் கூசுவான்.

பாதிரியார் வரிசையாய் வந்து தண்ணீர் தெளிப்பார்,
சூடேறிய சிலிண்டரில் அது ஸ்ஸ் என்று போகும்.
இழுத்துக் கட்டிய ரப்பர் கயிறு படீரென விடுபட
நாற்பது வண்டிகள் ஒரே வளைவுக்குள்.
அப்புறம் காற்றில்
கருகிய விளக்கெண்ணெய் வாசம்.
அந்த வாசத்துக்காகவே பைன் மரமேறி உட்கார்ந்திருப்பார்கள்
டிக்கெட் வாங்காத பாதி ஊர்.

என் வேலை சிலேட்டு.
பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கியது.
ஒவ்வொரு சுற்றிலும் எழுதித் தூக்கிப் பிடிக்க வேண்டும்,
முன்னால் போகிறவனுக்கும் அவனுக்கும்
எத்தனை விநாடி என்று.

அந்த ஆகஸ்டில் முன்னால் போனது ஒரு ஸ்வீடன்காரன்.
மூன்று சுற்று பாக்கி.
கடிகாரம் பதினான்கு என்றது.
சாக்பீஸை எடுத்த நான்
ஒன்றை விழுங்கிவிட்டு
நான்கை மட்டும் எழுதினேன்.
பார்த்தான். குனிந்தான்.
அடுத்த முறை பதினொன்று. மூன்று என்று எழுதினேன்.
கடைசிச் சுற்றில் ஆறு,
என் சிலேட்டில் ஒன்று.

ஜெயிக்கவில்லை.
ஒரு வண்டி நீளம், அதுவும் குட்டை வண்டி.
கண்ணாடியைத் தூக்கினான்.
கண்ணைச் சுற்றி மட்டும் மனிதத் தோல்.
முழு வாளித் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சொன்னான்:
கோடெலீவ், உன் நான்கு விநாடி ரொம்ப நீளம்.

தெரியுமா என்று கேட்டேன்.
வளைவுக்கு நான் வந்தபோது
அவன் கிளப்பிய மணல் அடங்கியே போயிருந்தது என்றான்.
தெரிந்துமா அப்படி ஓட்டினாய் என்று
நான் கேட்கவில்லை.
வேனில் திரும்பும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அங்கே கம்பி வேலி, விளம்பரத் தட்டி.
வண்டிக்குள் ஒரு சில்லு இருக்கிறதாம்,
விநாடியை ஆயிரமாய் வெட்டித் தானே அனுப்புமாம்.
நல்லதுதான். பொய் சொல்லத் தெரியாது அதற்கு.

ஒடீலின் நுரையீரலைப் படமெடுத்த டாக்டர்
மூன்று வாரம் என்றார், வராந்தாவில் வைத்து.
அறைக்குள் போய்
கோடைவரை தாங்கும் என்கிறார்கள் என்றேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்து
சூப் கேட்டான்.

ஜூன் ஒன்பது வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான்.

சிலேட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.
தலைமையாசிரியர் வெர்ஸ்த்ராட்
ஓய்வுபெறும் வரை கேட்டார்,
ரொட்டி வாங்க வரும் போதெல்லாம்.
நாளைக்கு என்பேன்.